ஆல்டர் அக்காவின் நான்கு டப்பாக்கள்

மாடி அறை வாடகைக்கு இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியும் கையுமாக ஒரு காலையில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்த பெண்மணியின் பற்களுக்கு நடுவே ஒரு கரண்டி இருந்தது. ஒரு கையில் அவித்த முட்டைகள், மறு கையில் உப்பு டப்பா. கரண்டியை எடுக்காமலேயே ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. உப்பு டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கரண்டியைக் கையில் வாங்கி, நான் செவிடோ என்ற சந்தேகத்தோடு மறுபடி கேட்டார்.

“ரூமுக்கா?”

“ஆமாங்க.”

“என்ன படிச்சிருக்க?”

“பி.காம்ங்க. எங்க வீட்லயே மொத டிகிரி நான்தான்.”

“சந்தோஷம். மூடி போடத் தெரியுமா?”

சமையலறை மேடையில் நான்கு பிளாஸ்டிக் டப்பாக்கள் வாய் திறந்து வரிசையாக இருந்தன. நான்கும் ஒரே அளவு, ஒரே நீலம். இழுத்து மூடப்போகிற ஒரு பாத்திரக்கடையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியவை. பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டுக் கையைக் கழுவி, ஒவ்வொன்றாக மூடினேன். மூன்றாவது மூடி ஒரு மூலையில் சரியாக உட்காரவில்லை. அக்கா குனிந்து பார்க்கக்கூட இல்லை. விரலால் ஒரு தடவு தடவிவிட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

“ஆல்டர்.”

அப்போது எனக்கு அந்தச் சொல் தெரியாது. இரண்டு நாள் கழித்து, நான் வேலைக்குச் சேர்ந்த தையல் கம்பெனியிலேயே அவரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தைத்து முடித்த சட்டைகளைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் செக்கிங் மேசையில் அவர் நின்றுகொண்டிருந்தார். நூல் தொங்கினால், காலர் கோணினால், பொத்தான் ஒரு இழை தள்ளியிருந்தால், துணியைத் தைத்தவரிடமே திருப்பி எறிந்து “ஆல்டர்” என்பார். பிரித்து மறுபடி தைக்க வேண்டும் என்று அர்த்தம். கம்பெனி முழுக்க அவருக்கு ஆல்டர் அக்கா என்றே பெயர். வீட்டிலும் அதே கண், அதே வாய். கணவர் சீவிய தலை ஆல்டர், மகன் போட்ட கணக்கு ஆல்டர், நான் மாடியில் கட்டிய துணிக்கொடி ஆல்டர்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அதைச் சொல்லக் கூச்சமே படமாட்டார். உட்கார வேண்டும்.

செக்கிங் வேலை முழுக்க நின்றே செய்வது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவர் கணுக்கால்கள் ரொட்டி மாதிரி உப்பியிருக்கும். லைன் சூப்பர்வைசருக்கு மட்டும் ஒரு மேசையும் நாற்காலியும் உண்டு. பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெறப்போகிறார் என்றதும் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்: “உங்களையும் பக்கத்து லைன் செக்கரையும் யோசிச்சு வெச்சிருக்கோம்மா. கண்ணு உங்களோடதுதான் சுத்தம். ஆனா லேட்டா வர்றீங்க. இந்த ஷிப்மெண்ட் முடியற வரைக்கும் ஒரு நாள் லேட் இல்லாம, ஒரு அரை நாள் லீவு இல்லாமக் காட்டுங்க. நாற்காலி உங்களுக்கு.”

அக்கா லேட்டாக வருவதற்குக் காரணம் அந்த நான்கு டப்பாக்கள்தான். அது எனக்குத் தெரியும். நான் கம்பெனியின் டைம் ஆபீஸில் குமாஸ்தா. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று பதிவேட்டில் குறிப்பதுதான் என் பிழைப்பு.

ஷிப்மெண்ட் வாரங்கள் என்றால் என்னவென்று வெளியாட்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். சரக்குக் கப்பல் யாருக்கும் காத்திருக்காது. காலையில் சீக்கிரம், இரவில் தாமதம், ஞாயிற்றுக்கிழமை பாதி நாள். இந்த நேரத்தில்தான் வீட்டில் எல்லாருக்கும் பசி அதிகமாகிறது என்பார் அக்கா. வெளியில் வாங்கிச் சாப்பிட்டால் ஓவர்டைமில் வருவது அப்படியே வயிற்று வழியாகப் போய்விடும் என்பதால், கடைத் தீனிக்கு அந்த வீட்டில் தடை.

அக்கா வீட்டுச் சமையலையும் கம்பெனித் தையல் லைன் மாதிரியே ஓட்டினார். ஞாயிறு மத்தியானம் சந்தை கலைகிற நேரத்தில் போய், வியாபாரி மூட்டை கட்டும் அவசரத்தில் தள்ளிவிடுகிற உருளைக்கிழங்கையும் கேரட்டையும் அள்ளி வருவார். கொண்டைக்கடலையை ஒரே நாளில் ஊறவைத்து வேகவைத்து, பங்கு பிரித்து, ஃப்ரீஸரில் கட்டிகட்டியாக அடுக்கிவிடுவார். வேர்க்கடலையை வறுத்துப் பொட்டலம் கட்டி, மேல் தட்டில் சோப்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைப்பார். கீழே வைத்தால் திங்கள்கிழமையே தீர்ந்துபோகும். சோப்புக்குப் பின்னால் வைத்ததால் அது கொஞ்சம் சோப்பு வாசனை அடிக்கும். யாராவது முகம் சுளித்தால், “நல்லது, உள்ளயும் சுத்தமாகும்” என்பார்.

காலையில் நான்கு டப்பாவும் வரிசையாக நிற்கும். முதலில் எல்லாவற்றிலும் சோறு, அப்புறம் எல்லாவற்றிலும் காய், அப்புறம் கொண்டைக்கடலை, கடைசியில் முட்டை. தின்பண்டப் பொட்டலத்தை டப்பாவோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போடுவது மகன் வேலை. பையில் வைப்பது கணவர் வேலை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். யார் பையில் எது என்று பார்க்காமலே போடுகிற கை அவருக்கு.

முதல் வாரமே வினை வந்தது. சின்னவன் அப்பாவின் டப்பாவோடு போய், சாப்பிட முடியாமல் பாதியைக் கொட்டிவிட்டு வந்தான். மாமா சின்னவன் டப்பாவோடு போய், “ஸ்பூன்ல ரெண்டு தடவை எடுத்தேன், தரை தெரிஞ்சிருச்சு” என்று கத்திக்கொண்டே வந்தார்.

“நாலும் ஒரே மாதிரி இருந்தா எப்படித் தெரியும்?” என்றார் மாமா.

அக்காவுக்குப் பளிச்சென்று தோன்றியது. நிறம் மாறி அச்சாகி, குப்பைக்குப் போகக் கிடந்த சைஸ் ஸ்டிக்கர்களைக் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்தார். சட்டைக்கு ஒட்டுகிற அதே எஸ், எம், எல், எக்ஸெல். மூடிகளின் மேல் ஒட்டினார். சின்னவனுக்கு எஸ். தனக்கு எல், “நாளெல்லாம் நிக்கறவளுக்கு அதாவது வேணும்.” மாமாவுக்கு எம்.

“எனக்கு எம்மா?” மாமா நிஜமாகவே அடிபட்டவர் மாதிரி கேட்டார்.

“லிஃப்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல நீங்க நிக்கணும், உங்க வயிறும் நிக்கணும். இப்ப வயிறு மட்டும்தான் நிக்குது. எம்.”

எக்ஸெல் மகளுக்கு. பெரியவளுக்குப் பதினான்கு வயது. பள்ளிக் கைப்பந்து அணியில் ஆடினாள். போட்டி நெருங்கியதால் தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பயிற்சி, சாயங்காலம் ஒரு பயிற்சி. உயரம் வேறு வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது.

“அம்மா, இதை எடுத்துரு. எல்லாரும் படிக்கறாங்க.”

“படிக்கட்டும். பள்ளிக்கூடம்தானே.”

“அம்மா! பேரே மாறிடுச்சு. பந்து போடும்போதுகூட ‘எக்ஸெல், எக்ஸெல்’னு கத்தறாங்க.”

“லேபிள் இல்லாத பீஸ் என் மேசையத் தாண்டாதுடி. சாப்பிட்டுட்டு ஆடற வழியப் பாரு.”

பெரியவள் அதற்கப்புறம் எதுவும் சொல்லவில்லை. அவள் எதுவும் சொல்லாதபோதுதான் நாங்கள் பயந்திருக்க வேண்டும்.

ஸ்டிக்கர் வந்தபின் காலைகள் ஓடும் அழகே தனி. பை மாறுவதில்லை, சத்தம் இல்லை. அக்கா மணி அடிப்பதற்கு முன்பே கம்பெனி வாசலைத் தாண்டிவிடுவார். என் ஜன்னலைக் கடக்கும்போது ஒரு பார்வை பார்ப்பார். நான் தலையாட்டுவேன். நாற்காலி ஒரு நாள் நெருங்கியது என்று அதற்கு அர்த்தம்.

ஆனால் வீட்டில் ஏதோ ஒன்று கணக்குக்கு ஒத்துவரவில்லை. எம் சாப்பிடுகிற மாமா ஊதிக்கொண்டே போனார். எக்ஸெல் சாப்பிடுகிற பெரியவள் குச்சியாகிக்கொண்டே போனாள். சாயங்காலம் அவள் வந்து விழுந்தால் எழுந்திருக்க நேரமாகும். ராத்திரிச் சாப்பாட்டில் தட்டு காய்வதற்குள் மூன்று முறை நிரம்பும்.

“மத்தியானம் எக்ஸெல், ராத்திரி இத்தனை. எங்கடி போகுது எல்லாம்?” என்பார் அக்கா. பூச்சியாக இருக்கும் என்று முடிவு கட்டி, மாத்திரை வாங்கிக் கொடுத்தார். பெரியவள் மறுபேச்சில்லாமல் விழுங்கினாள்.

“நீங்க என்ன, எம்முல இப்படி ஆகறீங்க?”

“எனக்குத் தண்ணி குடிச்சாலே ஒடம்பு ஏறும்” என்றார் மாமா, ரொம்பத் தத்துவமாக.

குறை தெரிந்தால் அதைச் சரிசெய்வதுதான் அக்காவின் தொழில். செய்தார். எம்மில் ஒரு கரண்டி குறைத்து எக்ஸெல்லில் போட்டார். அடுத்த வாரம் எம்மில் முட்டையைப் பாதியாக்கி, மீதிப் பாதியை எக்ஸெல்லுக்கு மாற்றினார். அப்புறம் எம்மின் வேர்க்கடலைப் பொட்டலமும் எக்ஸெல்லின் ரப்பர் பேண்டுக்குள் போய்விட்டது. மாமா இன்னும் பருத்தார். பெரியவள் இன்னும் இளைத்தாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டு இன்னும் ஒரு கரண்டியை மாற்றினார். தினமும் மூடி போடுகிறவன் என்ற முறையில் நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எக்ஸெல் டப்பாவை மூட நான் உள்ளங்கையை ஊன்றி அழுத்த வேண்டியிருந்தது. எம் டப்பாவோ தூக்கினால் உள்ளே சோறு உருளுகிற சத்தம் கேட்கும்.

இருந்தும் சாயங்காலம் இரண்டு டப்பாவும் துடைத்தெடுத்த மாதிரி காலியாக வந்தன. டப்பா காலியாக வந்தால் சாப்பாடு உள்ளே போயிருக்கிறது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ஷிப்மெண்டின் கடைசி வாரம். சாப்பாட்டு மணி அடிக்கப்போகிற நேரத்தில் டைம் ஆபீஸ் போன் அலறியது. பள்ளியிலிருந்து விளையாட்டு டீச்சர். கைப்பந்து ஆடும்போது ஒரு மாணவி மயங்கி விழுந்துவிட்டாள், இப்போது எழுந்து உட்கார்ந்திருக்கிறாள், பயமில்லை, ஆனால் வீட்டிலிருந்து யாராவது வந்தால் நல்லது, அம்மா இங்கேதானே வேலை செய்கிறார்?

நான் செக்கிங் மேசைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அக்கா கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தார். மடிப்பு நேராக இருக்கிறதா என்று ஒரு தடவு தடவியும் பார்த்தார்.

“பிரேக்குக்குள்ள போய்ட்டு வந்துரலாமா தம்பி?”

“பைக்ல போனா முடியும்க்கா. போனதும் பாத்துட்டு உடனே திரும்பணும்.”

“என் டப்பாவையும் எடுத்துக்கறேன்.”

வழியெல்லாம் பின்சீட்டிலிருந்து புலம்பல். “பூச்சி மாத்திரை ஸ்ட்ராங்கா போயிருச்சோ? ரத்தம் இல்லையோ? முட்டை குடுத்தேனே, ஒண்ணரை முட்டை! எந்த வீட்ல குடுக்கறாங்க ஒண்ணரை முட்டை!”

பள்ளி ஓய்வறையில் பெரியவள் ஒரு பெஞ்சில் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பக்கத்து மேசையில் அவளுடைய டப்பா திறக்காமல் இருந்தது. டீச்சர், “இன்னும் சாப்பிடல, சாப்பிடச் சொல்லிட்டிருந்தேன்” என்றார்.

அக்கா மகளின் நெற்றியைத் தொட்டார். கையைத் தொட்டார். அப்புறம் டப்பாவைப் பார்த்தார்.

மூடியில் எம் என்று ஒட்டியிருந்தது.

அக்கா மூடியைத் திறந்தார். ஒரு கைப்பிடி சோறு. நாலே நாலு கொண்டைக்கடலை. அரை முட்டை. எல்லாம் அவர் கையாலேயே குறைத்துக் குறைத்து வைத்தவை. ரப்பர் பேண்டில் தின்பண்டம் எதுவும் இல்லை.

என் போனை வாங்கி மாமாவைக் கூப்பிட்டார். எதிர்முனைச் சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் மேல் நின்றுகொண்டு வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

“ஏங்க, சாப்பிடறீங்களா?”

“ஆமா, இப்பத்தான் தொறந்தேன். ஏன்?”

“மூடில என்ன ஒட்டியிருக்கு?”

மெல்லும் சத்தம் நின்றது.

“மூடிலயா?”

“மூடிலதான்.”

“…எக்ஸெல்.”

அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டார். மாமா அந்தப் பக்கம் “ஹலோ, ஹலோ, நான் சொல்றதக் கேளு” என்று கூவிக்கொண்டிருந்தார். விஷயம் அப்போதுதான் விளங்கியது: தினமும் காலையில் மகளைப் பைக்கில் பள்ளி வாசலில் இறக்கிவிடும்போது இருவரும் டப்பாவை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு எக்ஸெல் மூடி ஒழிந்தது. அவருக்கு எக்ஸெல் சோறு கிடைத்தது. இதற்கு மேல் பொருத்தமான ஒப்பந்தம் உலகத்தில் எங்கேயும் நடந்திருக்காது.

“ஏண்டி, பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“சொன்னா நீ கண்டுபிடிச்சிருவ. மறுபடி எக்ஸெல்னு கூப்பிடுவாங்க.” பெரியவள் உதட்டைக் கடித்தாள். “மொதல்ல கொஞ்சம்தான் கம்மியா இருந்துச்சு. அப்புறம் நீ தினமும் எடுத்துட்டே இருந்த. அப்பாக்குத்தான் டயட் வெக்கறன்னு நெனச்சேன்.”

“அப்பாக்குத்தான்டி வெச்சேன்!”

டீச்சர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போதே கிளம்பியிருந்தால் மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கலாம். “அக்கா” என்றேன். அவரும் கடிகாரத்தைப் பார்த்தார். பெஞ்சுக்கு எதிரில் ஒரு நாற்காலி இருந்தது. அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் எல் டப்பாவைத் திறந்து மகள் மடியில் வைத்தார்.

“சாப்பிடு.”

“நீ போம்மா, லேட்டாகும். நான் சாப்பிட்டுக்கறேன்.”

“சாப்பிட்டுக்கறேன்னு நீ சொல்றதை இனிமே யாரு நம்புவா? என் கண்ணு முன்னால சாப்பிடு.”

பெரியவள் மெதுவாகத்தான் சாப்பிட்டாள். பாதியில் நிறுத்தினாள். அக்கா எழுந்திருக்கவில்லை. அவள் மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். எல் டப்பா காலியானதும், எம் டப்பாவிலிருந்த ஒரு கைப்பிடியைத் தானே வாயில் போட்டுக்கொண்டு அக்கா எழுந்தார். “ம். போலாம் தம்பி.”

கம்பெனி வாசலுக்கு வந்தபோது உள்ளே மெஷின்கள் ஓடத் தொடங்கி வெகு நேரமாகியிருந்தது. அக்கா என் ஜன்னலுக்கு வெளியே நின்றார். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

“என்ன தம்பி பாக்கற? அரை நாள் போடு. நீ போடாம விட்டா நாளைக்கு உன்னையும் ஆல்டருக்கு அனுப்புவாங்க.”

போட்டேன்.

மேனேஜர் நல்ல மனிதர்தான். “கடைசி வாரத்துல இப்படிப் பண்ணிட்டீங்களேம்மா” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். நாற்காலி பக்கத்து லைன் செக்கருக்குப் போனது. அவர் தினமும் மணிக்கு முன்னால் நிதானமாக வந்து சேருகிறவர். வீட்டில் யாரோ அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார்கள்.

அன்று மாலை வீட்டில் நடந்ததை முழுதாக எழுதினால் மாமா என்னோடு பேசமாட்டார். சுருக்கமாகச் சொல்கிறேன். மாமா ஒரே ஒரு நியாயம்தான் வைத்திருந்தார்.

“டப்பா காலியா வரணும்னு நீதான சொன்ன? ரெண்டும் காலியாத்தான வந்துச்சு?”

அக்கா அவரை வெகுநேரம் பார்த்தார். நூல் தொங்குகிற சட்டையைப் பார்ப்பது மாதிரி.

“அவ கொறையுதுன்னு தெரியலையா உங்களுக்கு?”

“வளர்ற வயசு, உயரமாகுதுன்னு நெனச்சேன்.”

“பொட்டலம் ரெண்டு இருந்துச்சே, அது?”

மாமா தரையைப் பார்த்தார். “சாயங்காலம் அவளுக்குக் குடுக்கலாம்னு ஒண்ணை எடுத்து வெப்பேன். வழில பசிக்கும்.”

“நாளைல இருந்து டப்பா நீங்க கட்டுங்க. நாலையும்.”

மாமா கட்டினார். முதல் நாள், கொதிக்கக் கொதிக்கச் சோற்றை அள்ளிப் போட்டு, லிஃப்ட் கதவைச் சாத்துகிற வேகத்தில் மூடிகளை அறைந்து அழுத்திவிட்டார். ஆறியதும் மூடி உள்வாங்கி இறுகிக்கொண்டது. பள்ளியில் பெரியவளுக்குத் திறக்கவில்லை, சின்னவனுக்குத் திறக்கவில்லை, செக்கிங் மேசைக்குப் பக்கத்தில் அக்கா மூன்று பேரை வைத்து இழுத்துப் பார்த்தும் திறக்கவில்லை. அன்று அந்தக் குடும்பத்தில் மத்தியானம் சாப்பிட்டது மாமா ஒருவர்தான். அவரிடம் ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

சாயங்காலம் மூன்று டப்பாக்களும் மேடையில் வரிசையாகத் திறக்கப்படாமல் நின்றதைப் பார்த்து அக்கா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “எல்லாம் ஆல்டர்” என்று மட்டும் சொல்லிவிட்டு, காலை ஒரு ஸ்டூலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாமா ஸ்க்ரூடிரைவரோடு வேலையைத் தொடங்கினார்.

இதெல்லாம் போன வருடம். அக்கா இன்றும் அதே செக்கிங் மேசையில் நின்றுதான் சட்டை பார்க்கிறார். இந்த ஷிப்மெண்ட் தொடங்கி மூன்று வாரமாகிறது. இன்னொரு லைனில் சூப்பர்வைசர் இடம் காலியாகிறது என்று பேச்சு. இதுவரை ஒரு நாளும் லேட் இல்லை. டப்பா மாமாதான் கட்டுகிறார், சோற்றை ஆறவைத்துத்தான். மூடிகளில் ஸ்டிக்கர் கிடையாது. சுரண்டி எடுத்த தழும்பு மட்டும் இருக்கிறது. பெரியவள் கைப்பந்து அணியின் கேப்டன். பள்ளிக்கு அவளைப் பேருந்தில்தான் அனுப்புகிறார்கள்.